ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குப் பெரிய பை

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பையின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது.

முதலில் ஒரே ஒரு கொண்டைக்கடலைதான் விழுந்தது. படியில் ஒரு துள்ளு துள்ளி, திரும்பி அவரைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, அடுத்த படிக்குக் குதித்தது. ‘போனால் போகட்டும், ஒன்றுதானே’ என்று லிஃப்ட்காரர் நினைத்து முடிப்பதற்குள் மீதியெல்லாம் அதன் பின்னால் கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஒரே இரைச்சல்.

ஊரில் இருக்கும் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. பல்மருத்துவர் வீட்டில் எல்லோருக்கும் சொத்தைப்பல் என்பதுபோல் இதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

முதல் மாடியில் கதவு திறந்தது. அங்கே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தனியாகக் குடியிருந்தார்.

“யாருப்பா மேலேருந்து குண்டு போடறது?”

“நான்தான் டீச்சர். பை கிழிஞ்சுபோச்சு.”

டீச்சர் முறத்தோடு படியேறி வந்தார். பொறுக்கிக்கொண்டே ஒரு கடலையை விரலில் பிடித்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

“என்ன உருண்டை! கோளம்னா என்னன்னு பிள்ளைங்களுக்குப் புரியவைக்க முப்பது வருஷம் தொண்டை வறண்டேன். இதை ஒண்ணு காட்டியிருந்தா போதும். எங்க தம்பி வாங்கினே?”

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள், அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்த கிழிந்த பை பதில் சொல்லிவிட்டது. பழுப்புக் காகிதம், நடுவில் பச்சை இலை முத்திரை.

“ஓ, இலைக் கடையா?” டீச்சரின் குரலில் மரியாதை கூடியது. “ஒரு தடவை உள்ள போனேன். விலையைப் பாத்ததும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தேன். அதே விலைதான் இருந்துச்சு. வந்துட்டேன்.”

மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. “என்னங்க? என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா! கடலை!”

“கடலையா இவ்வளவு சத்தம் போடுது?”

அவர் தலையில் கைவைத்தபடி படியில் உட்கார்ந்தார். கொட்டியது பொறுக்கினால் வந்துவிடும். ஆனால் கிழிந்தது வீட்டில் இருந்த கடைசி இலைப் பை. அது இல்லாமல் இந்தச் சரக்கை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஏனென்றால், இது இலைக் கடைச் சரக்கே இல்லை.

திரைச்சீலை தைப்பது மனைவியின் வேலை. ஒரு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், தைத்த திரையை மாட்டுவதற்காக முக்காலியில் ஏறினாள். திரை மேலே நின்றது, அவள் கீழே வந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. அதுவரை வீட்டுக்கு வேண்டியதை வாங்குவதெல்லாம் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து வாரம் தவறாமல் இலைப் பைகளோடு படியேறி வருவாள். தீட்டாத அரிசி, முழுப்பயறு, பார்லி, எள், அப்புறம் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி.

“இனிமே நான் போறேன்” என்று அவர் சொன்னபோது அவள் பதறிப்போனாள்.

“வேணாங்க. ஒத்தக் கால்லயே போய்ட்டு வந்துடறேன்.”

“டாக்டர் காலைக் கீழயே வெக்கக்கூடாதுன்னுட்டாரே.”

“அப்ப கொஞ்ச நாளைக்கு எதுவுமே வாங்க வேணாம். இருக்கறதை வெச்சு ஓட்டிக்கலாம்.”

“நல்லா சாப்பிட்டாத்தான் எலும்பு கூடும்னும் அவர்தானே சொன்னார்?”

கடைசியில் வேறு வழியில்லாமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மடித்து அடுக்கியிருந்த இலைப் பைகளை எடுக்கச் சொன்னாள். “பைய வீணாக்காதீங்க. இதையே திரும்பத் திரும்பக் கொண்டுபோங்க” என்றாள். பிறகு, கப்பலேறப் போகிறவரை வழியனுப்புவதுபோல் அவரைப் பார்த்தாள்.

இலைக் கடையில் சாமானை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கும் மேசைவரை போகவே அவருக்குக் கால் வரவில்லை. எதையும் சேர்க்காத உணவு, எதையும் நீக்காத உணவு என்று ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் அட்டை தொங்கியது. எதுவுமே செய்யாமல் விட்டதற்கு இவ்வளவு விலையா என்று மலைத்துப்போனார். அவர் மாதாமாதம் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு வாரத்தைக்கூட ஓட்ட முடியாது. அதே பணத்தில் அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். ஒருநாளும் போதவில்லை என்று சொன்னதில்லை.

‘அவள் மந்திரக்காரி. நான் மண்ணு’ என்று நினைத்தபடி காலிப் பையோடு வெளியே வந்தார்.

எதிர்ச்சாரியில் வரிசையாகக் கிடங்குகள். அதில் ஒன்றின் வாசலில், திறந்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாள் அவர் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

“பை காலியா இருக்கே. இப்படி வாங்க.”

அவர் தயங்கினார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவியோடு இதே வழியாக நடந்து போனபோது, “இந்த மூட்டைச் சரக்கெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாது. திறந்து கெடக்கறதை மனுஷன் தின்பானா?” என்று பெரிய சீமான்போல் சொன்னவர் அவர்தான்.

“வாங்கலன்னாலும் பரவாயில்ல, கடிச்சுப் பாருங்க” என்று கிடங்கம்மாள் ஒரு கடலையை நீட்டினாள். பிறகு ஒரு கைப்பிடியைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுக் காட்டினாள். ஒன்றும் மிதக்கவில்லை. “இந்த வருஷத்துச் சரக்கு. பழசுன்னா விறகு தீரும், வேகாது. மூட்டையா வந்து மூட்டையாவே விக்கறேன். புட்டி, ரிப்பன் எதுவும் கெடையாது. அதான் விலை கம்மி.”

அன்று ஐந்து பைகள் நிறைந்தன. பணம் மிச்சமும் இருந்தது.

வீட்டில் மனைவி பார்லிக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “நல்லா இருக்கே!” குரலில் திகைப்பு. “இலைக் கடைதானே?”

“பின்னே?”

அந்த ஒரு ‘பின்னே’யில் மாட்டிக்கொண்டவர்தான். அதே பணத்தில் அவள் செய்ததைத் தன்னால் செய்ய முடியவில்லை என்று சொல்ல வெட்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. முறிந்த எலும்புக்கு மூட்டைச் சரக்கைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, கூடாமல் போய்விட்டால்? அவள் ஒவ்வொரு கரண்டி விழுங்கும்போதும் அவர் பார்வை அவளுடைய கணுக்காலுக்குப் போகும்.

“என் காலையே ஏன் பாக்கறீங்க?”

“சும்மாதான். அழகா இருக்கு.”

“மாவுக்கட்டா?”

இந்த நிலையில்தான் கடைசிப் பையும் கிழிந்தது.

“ஆமா தம்பி” என்றார் டீச்சர், முறத்தைப் புடைத்தபடி. “லிஃப்ட் வேலை சம்பளத்துல இலைக் கடை எப்படிக் கட்டுப்படியாகுது?”

“எனக்குத் தள்ளுபடி உண்டு டீச்சர். அவங்க லிஃப்டை நான்தானே பாத்துக்கறேன்.”

டீச்சரின் கை நின்றது. “அந்தக் கடைக்கு மாடியே கெடையாதே?”

“இது கீழ போற லிஃப்ட். அடியில சரக்கறை.”

“அப்ப மைனஸ் ஒண்ணாம் மாடி” என்று டீச்சர் திருப்தியாகத் தலையாட்டினார். “எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துடு.”

பொறுக்கிய கடலையை அன்று டீச்சர் வீட்டிலேயே விட்டுவிட்டு, மறுநாளே அவர் பைக்காக இலைக் கடைக்குப் போனார். சாமான் வாங்கினால்தான் பை. இருப்பதிலேயே மலிவாக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு எதற்கும் ஆச்சரியப்படாத முகம்.

“பை வேணுமா சார்?”

“வேணும். பெரிசா.”

“ஒரு எலுமிச்சம்பழத்துக்கா?”

“அதுக்கு நெருக்கமா இருந்தா பிடிக்காது.”

அவள் பழத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பெரிய பையையே கொடுத்தாள்.

ஒரு பையோடு தீர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் தனக்கு வந்த கடலையின் பெருமையை இரண்டாம் மாடித் தபால்காரரிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்ன சேதி வீட்டுக்கு வீடு போகாமல் இருக்குமா? ஒரு வாரத்தில் கட்டடம் முழுவதும் தள்ளுபடிக்கு வரிசையில் நின்றது. ஒருவருக்கு எள், ஒருவருக்கு ஓட்ஸ், ஒருவருக்குச் சிவப்பு பீன்ஸ். அவர் கிடங்கு விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். “தங்கமான மனுஷன்” என்றார்கள். தங்கமான மனுஷனுக்கு முதுகுவலி வந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இலைப் பை வேண்டும். ஒவ்வொரு பைக்கும் ஓர் எலுமிச்சம்பழம். ஒரே நாளில் நான்கு தடவை போவார். ஒருமுறை தொப்பியோடு, ஒருமுறை தொப்பி இல்லாமல்.

“வாங்க எலுமிச்சை சார்” என்றாள் கல்லாப் பெண். “தொப்பி இல்லாமலும் நல்லாத்தான் இருக்கீங்க.”

பழங்களை என்ன செய்வது? முடிந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோனார். இத்தனை வருஷமும் தேநீர், சூப், துவையல் என்று எல்லாவற்றிலும் இஞ்சி மணந்த வீட்டில் இப்போது எலுமிச்சை மணந்தது. மனைவி ஏனென்று கேட்டபோது “விட்டமின்” என்றார். மிச்சத்தை, தான் பராமரிக்கும் ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில், கம்பிச்சுருளுக்குப் பின்னால் ஒளித்தார். மோட்டார் சூட்டில் பழங்கள் இளகி, மணம் குழாய்வழியே லிஃப்டுக்குள் இறங்கியது.

அந்தக் கட்டடத்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனார்.

“லிஃப்டுல என்னய்யா தெளிக்கிறே? ஆளுங்க வேலையே இல்லாம மேலயும் கீழயும் போய்ட்டு வராங்க. பக்கத்து லிஃப்டுலயும் தெளி.”

ஆக, இன்னும் எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது.

இதற்கிடையில் மனைவியின் முகம் வாட ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் அவர் வேர்த்து விறுவிறுத்து வரும்போதெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க. லீவு நாள்லயும் வேலைக்குப் போறீங்களா?”

“சேச்சே. கடைக்குத்தான்.”

“அந்தக் கடையில நீங்க குடுக்கற வீட்டுச் செலவுப் பணத்துக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “எனக்காக உடம்பைக் கெடுத்துக்காதீங்க. என் கால் சரியானதும் கடைக்கு நானே போறேன். நீங்க அந்தப் பக்கமே வர வேணாம்.”

அவர் பைகளைச் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போனார். இவ்வளவு நல்லவளுக்குப் போய் மூட்டைச் சரக்கைப் போடுகிறோமே!

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டுக் கிட்டப்போய் உற்றுப் பார்த்தார்.

“டாக்டர், தப்பெல்லாம் என் மேலதான்” என்றார் லிஃப்ட்காரர்.

“என்ன தப்பு? இவ்வளவு சுத்தமா கூடின எலும்பை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. என்னம்மா சாப்பிடறீங்க?”

“இவர் வாங்கிட்டு வரதைத்தான் டாக்டர்” என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

லிஃப்ட்காரர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். வெள்ளையாக, திடமாக ஓர் எலும்பு. அத்தனையும் மூட்டை! முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது. ஆபத்து தீர்ந்தது. அது வெறும் நல்ல உணவு, அவ்வளவுதான். அவளிடம் சொல்லிவிடலாம். இன்று இரவே சொல்லிவிடலாம்.

“எனக்கும் ரெண்டு கிலோ பார்லி வாங்கித் தர முடியுமா?” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் டீச்சர் நின்றார். மனைவி தன் காலால் படியேறுவதைப் பார்த்துக் கைதட்டினார்.

“இதைக் கொண்டாடியே ஆகணும். சனிக்கிழமை நாம மூணு பேருமா இலைக் கடைக்குப் போறோம். அந்த முதலாளியைப் பாத்து நேர்ல நன்றி சொல்லணும். அப்படியே அந்த மைனஸ் ஒண்ணாம் மாடி லிஃப்டையும் பாக்கணும்.”

“வேணாம்!” என்றார் லிஃப்ட்காரர்.

“வேணாம்!” என்றாள் மனைவி, அதே நொடியில்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது வந்து… கால் இன்னும் லேசா வலிக்குது” என்றாள் மனைவி.

“ஆமாமா, வலிக்கும்! ரொம்ப வலிக்கும்!” என்றார் அவர் நன்றியோடு. எவ்வளவு நல்ல சமயத்தில் வலிக்கிறது!

“வலிச்சா நடக்க வேணாம். என் தம்பியோட காரை வரச் சொல்லியாச்சு” என்றார் டீச்சர். கணக்கு டீச்சர்கள் விடை தெரியாமல் கேள்வி போடுவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை லிஃப்ட்காரர் இலைக் கடைக்கு ஓடினார். நல்லவேளையாகக் கூட்டம் இல்லை.

“பழம் தீந்துபோச்சு எலுமிச்சை சார்.”

“பழம் வேணாம்மா. ஒரு உதவி. நாளைக்கு என் வீட்டுக்காரியோட வருவேன். என்னை யாருன்னே தெரியாத மாதிரி இருக்கணும்.”

“சரி.”

“எலுமிச்சைங்கற பேச்சே வரக்கூடாது.”

“சரி.”

“அப்புறம் இது.” பையிலிருந்து தன் தொழில் அட்டையை எடுத்தார். சிவப்பு எழுத்தில் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்று இருந்தது. “அந்த மூலைக் கதவுல மாட்டிக்கவா?”

“அது துடைப்பம் வெக்கற அறை சார். எங்ககிட்ட லிஃப்டே இல்லையே?”

“இல்லாத லிஃப்ட் வேலை செய்யாதுதானே? பொய் ஒண்ணும் எழுதலையே.”

அவள் அட்டையை வாங்கிப் படித்தாள். “மாட்டுங்க. ஆனா இனிமே பெரிய பை கேக்கக் கூடாது. மேனேஜர் திட்டறார். இந்தப் பையில அப்படி என்னதான் இருக்கோ, இதுக்குன்னே ஆளுங்க வராங்க.”

“சத்தியமா கேக்க மாட்டேன். நாளையோட எல்லாம் முடிஞ்சுது.”

சனிக்கிழமை காரில் டீச்சர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின்னால் கணவனும் மனைவியும் தூக்குக்குப் போகிறவர்கள்போல் அமர்ந்திருந்தார்கள். பாதி வழியில் லிஃப்ட்காரரின் மனம் உறுத்தியது. துடைப்ப அறையில் அட்டை மாட்டும் அளவுக்கு வந்துவிட்டோமே! இவளிடம் எதற்காக மறைக்க வேண்டும்? இவள் கோபப்பட்டாலும் அந்த எலும்பு சாட்சி சொல்லுமே.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார் மெதுவாக.

“நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் அவள்.

“நீ முதல்ல சொல்லு.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

“இறங்குங்க, கடை வந்தாச்சு!” என்றார் டீச்சர்.

வாசலில் இன்னொரு சிக்கல். இருவரும் உள்ளே போகாமல் நின்றார்கள்.

“நீ முன்னாடி போம்மா.”

“நீங்க போங்க. நான் பின்னாலயே வரேன்.”

“உனக்குத்தானே கால் வலி. நீ முதல்ல போய் உக்காரு.”

“அதனாலதான் மெதுவா வரேங்கறேன்.”

டீச்சர் இருவரையும் முதுகில் கைவைத்து ஒன்றாக உள்ளே தள்ளினார்.

கல்லாப் பெண் நிமிர்ந்தாள். அவளுடைய பார்வை லிஃப்ட்காரர் மேல் பட்டு, சுவரைத் தாண்டுவதுபோல் அப்படியே தாண்டிப் போனது. ஒரு சுளிப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. என்ன நடிப்பு! மூலையில் அவருடைய அட்டை கம்பீரமாகத் தொங்கியது. “அடடா, இன்னைக்குப் பாத்து லிஃப்ட் ரிப்பேரா?” என்று டீச்சர் அங்கலாய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனார். லிஃப்ட்காரர் மூன்று மாதத்தில் முதல்முறையாக முழு மூச்சு விட்டார். தப்பித்தாயிற்று.

பக்கத்தில் மனைவி முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கத் திரும்பியபோது, எதற்கும் ஆச்சரியப்படாத கல்லாப் பெண்ணின் முகம் விளக்கு ஏற்றிய இருட்டறைபோல் மெல்ல மலர்ந்தது. கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

“அட, இஞ்சியக்கா! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? வழக்கம்போல ஒரு துண்டு இஞ்சி, பெரிய பை, அதுதானே?”